மாப்பிள்ளைக்கு டைவரா, ரேஸரா?

அன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மச்சான், பவானி ஜமுக்காளக் கடை அரங்கசாமி அவர்களுக்கு, அன்னூர் கோழிப்பண்ணை வெள்ளியங்கிரி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை கீதாவும், உங்கள் மருமகள் வர்ஷினியும், பண்ணையில் உள்ள கோழிகளும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் சங்கமேஸ்வரர் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். உண்மையைச் சொன்னால் கோழிகள் மட்டும்தான் நலம். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். போன தடவை என் மூல நோய் விஷயமாக உங்களிடம் ரகசியமாக ஒன்று கேட்டதற்கு, ஜமுக்காளம் வாங்க வந்திருந்த ஈரோட்டுக்காரர் ஒருவர் குறுக்கே புகுந்து எனக்குக் கைவைத்தியம் சொன்னார். பலித்தது என்பது வேறு விஷயம். ஆனால் இது குடும்ப விஷயம். ஆகவே கடையில் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் வர்ஷினியின் கல்யாணம் ஒரு கைக்கடிகாரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அச்சுக்குப் போகவேண்டிய பத்திரிகை என் மேசை மேலேயே கிடக்கிறது. இதில் உங்களுக்கும் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

பல்லடத்து வரனைக் கொண்டுவந்தவர் நீங்கள்தான். "பையன் மதன்குமாரு, கோயமுத்தூர்ல பல் டாக்டருங்க, சொந்தமா கிளினிக்கு, தங்கமான குணம், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான்" என்று சொன்னீர்கள். நாங்களும் பூரித்துப்போனோம். நம் வர்ஷினி வக்கீல். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மிச்சத்தை என்னிடம் காட்டுகிறவள். ஒருவர் பேச ஒருவர் கேட்டால் குடித்தனம் நன்றாக நடக்கும் என்று நானும் கணக்குப் போட்டேன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திறங்க, வாயைத் திறங்க என்று சொல்லிப் பிழைக்கிற பையன் தன் வாயை மட்டும் திறக்கமாட்டார் என்பது அப்போது உறைக்கவில்லை. பெண் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று தகவல் வந்தது, நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரையும் மாற்றியாகிவிட்டது. நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.

சம்பந்தி வீட்டில் எதுவும் கேட்கவில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, பொண்ணை அனுப்பி வெச்சாப் போதுமுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கேட்கிற சம்பந்தியைச் சமாளித்துவிடலாம் மச்சான். கேட்காத சம்பந்திக்குத்தான் என்ன செய்தாலும் குறையாகத் தெரிகிறது. எதுவும் கேட்காதவர்களுக்கு, மாப்பிள்ளை அழைப்பன்று மாப்பிள்ளையின் கையில் கட்டுகிற வாட்ச்சாவது ஊர் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டாமா? அதனால் நல்ல வாட்ச்சாகப் பார்த்து எடுப்போம் என்று யூடியூபைத் திறந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

அதில் ஒரு வெள்ளைக்காரர் முகத்தைக் காட்டாமல் மணிக்கட்டை மட்டும் காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறார். ஒன்று முடிந்தால் தானாகவே இன்னொன்று வருகிறது. கோழிக்குத் தீவனம் போடுகிற நேரத்தில்கூட அவர் பேசிக்கொண்டிருந்தார். உசத்தியான வாட்ச் என்றால் பேட்டரி கிடையாதாம். உள்ளே சுருள்வில்லும் பல்சக்கரங்களும்தானாம். கட்டியிருக்கிறவர் கையை ஆட்ட ஆட்ட அதுவே தனக்குச் சாவி கொடுத்துக்கொள்ளுமாம். கழற்றிப் பீரோவில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடுமாம். தினம் சில நொடிகள் முன்னே பின்னே ஓடுவது அதன் சுபாவமாம். உங்கள் தங்கையிடம் இதையெல்லாம் ஆசையாக விளக்கினேன். "ஏனுங்க, நின்னு போற கடியாரத்துக்கா பேங்குல போட்டதை உடைக்கறீங்க? நம்ம பண்ணையில லைட்டுப் போடற டைமரு ஒரு நொடி பிசகறதில்லையே!" என்றாள். ரசனை என்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்று விட்டுவிட்டேன். விலையையும் இங்கே எழுதவில்லை, இந்தக் கடிதம் அவள் கையில் சிக்கினாலும் சிக்கும்.

பார்த்துப் பார்த்துக் கடைசியில் இரண்டில் வந்து நின்றேன். இரண்டின் கம்பெனிப் பெயரும் என் நாக்கில் வராது; அதனால் டைவர், ரேஸர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். இரண்டும் விளையாட்டு வீரர்களுக்கான வாட்ச். டைவர் என்பது கடலுக்குள் முங்குகிறவர்கள் கட்டுவது. நீல முகப்பு, கனமான இரும்புச் சங்கிலி, முகப்பைச் சுற்றி ஒரு வளையம். அந்த வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும். எத்தனை நேரமாகத் தண்ணீருக்குள் இருக்கிறோம் என்று கணக்கு வைக்க அது. முந்நூறு மீட்டர் ஆழம் வரை தாங்குமாம். முந்நூறு மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஆயிரம் அடி மச்சான். எங்கள் பக்கம் ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகைதான் வந்தது. இந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு முங்குவதற்குத் தண்ணீரை எங்கே போய்த் தேடுவது? ரேஸர் என்பது கார் பந்தயக்காரர்கள் கட்டுவது. கறுப்பு முகப்புக்குள் மூன்று குட்டிக் கடிகாரம், பக்கவாட்டில் இரண்டு பொத்தான். ஒன்றை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். வண்டி எந்த வேகத்தில் போகிறது என்று கண்டுபிடிக்கலாமாம். மாப்பிள்ளை பல்லடத்திலிருந்து தினமும் போய்வருவது திருச்சி ரோடு. அந்த நெரிசலில் அவர் கார் போகிற வேகத்தை அளக்கக் காலண்டரே போதும். ஆக இரண்டும் நமக்குத் தேவையில்லாதது. ஆனால் இரண்டும் அவ்வளவு அழகு. என்னால் முடிவு கட்ட முடியவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவர் அவர்தானே, அவரையே கேட்டுவிடுவோம் என்று மாப்பிள்ளையை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பெரிய ஷோரூமுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஷைலா என்று ஒரு பெண். வெகு மரியாதை. கையுறை மாட்டிக்கொண்டு, வெல்வெட் தட்டில் இரண்டையும் வைத்து, பச்சைக் குழந்தையைத் தருவதுபோலத் தந்தது. மாப்பிள்ளை முதலில் டைவரைக் கட்டிப் பார்த்தார். ரேஸரைக் கட்டிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே ஓடுகிற சக்கரங்களைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எதுங்க மாப்பிள்ளை புடிச்சிருக்குது?"

"ரெண்டுமே நல்லாத்தானுங்க இருக்குது மாமா."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"உங்களுக்கு எது தோணுதோ அதையே எடுங்க மாமா."

"கட்டிக்கப் போறது நீங்கதானுங்களே?"

"எடுத்துத் தாரது நீங்கதானுங்களே?"

இப்படியே போயிற்று. நடுவில் காபி வந்தது. "நீங்க எடுத்துக்கங்க மாப்பிள்ளை" என்றேன். "இல்லீங்க, நீங்க மொதல்ல எடுங்க மாமா" என்றார். ஆறிய பிறகு இரண்டு பேரும் ஒன்றாக எடுத்தோம். ஷைலா பாவம், அந்தப் பெண் சென்னையில் படித்துவிட்டு வந்ததாம். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "சார், நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறீங்களா, கொஞ்சிக்கிறீங்களா?" என்று கேட்டது. அதற்குள் நான் ரேஸரின் பொத்தானை அமுக்கி ஓடவிட்டு நிறுத்தத் தெரியாமல் முழிக்க, அந்த முள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தோம்.

சரி, நேரில் கூச்சப்படுகிறார் என்று இரண்டு வாட்ச்சின் படத்தையும் வாட்ஸப்பில் அனுப்பி, பிடித்ததற்கு மட்டும் குறி போடுங்கள் என்று எழுதினேன். டைவருக்குக் கட்டைவிரல் வந்தது. துள்ளிக் குதித்தேன். அடுத்த நிமிடம் ரேஸருக்கும் கட்டைவிரல் வந்தது. கை தவறிக் கோழித் தடுப்பூசி பாட்டிலின் படம் ஒன்றும் கூடவே போயிருந்தது. அதற்கும் கட்டைவிரல் வந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தீவனம் போடப் போய்விட்டேன்.

இதுவரை நடந்தது சிரிப்பு மச்சான். இனிமேல் எழுதுவது அப்படியில்லை.

போன வாரம் மாப்பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டோம். உங்கள் தங்கை அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். அவள் உப்புப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். மாப்பிள்ளை வருகிறாரே, நாமும் ஒரு கை உதவலாம் என்று நான் அடுப்படிக்குள் நுழைந்து, உப்புப் போடவில்லை என்று நினைத்து நானும் போட்டேன். அப்புறம் வர்ஷினி வந்து, அம்மா எப்போதும் உப்பைக் குறைத்துத்தான் போடுவாள் என்று தானும் கொஞ்சம் போட்டாளாம். அந்தச் சோற்றை மாப்பிள்ளையின் இலையில் வைத்து நெய்யை ஊற்றினோம். முதல் வாயில் அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. ஆனால் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். "எப்பிடி இருக்குதுங்க மாப்பிள்ளை?" என்று உங்கள் தங்கை கேட்டாள். "நெம்ப நல்லாருக்குதுங்க அத்தை" என்றார். இவள் குளிர்ந்துபோய் மறுபடியும் வைத்தாள். அதையும் சாப்பிட்டார். மூன்றாம் தடவை வைக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு சொம்பு மோரையும் குடித்துவிட்டுக் கிளம்பிப் போன பிறகுதான் நாங்கள் உட்கார்ந்தோம். நான் ஒரு வாய் வைத்தேன். துப்பிவிட்டேன்.

நானும் உங்கள் தங்கையும் சிரித்தோம். வர்ஷினி சிரிக்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கப்பா, இதையும் நல்லாருக்குன்னு சொன்னாரு. ரெண்டு வாட்ச்சையும் நல்லாருக்குன்னு சொன்னாரு. என்னையப் புடிச்சிருக்குன்னு சொன்னதும் இப்பிடித்தானா?"

"அப்பிடியெல்லாம் இல்ல அம்மணி, பையன் மருவாதி தெரிஞ்சவரு..."

"மருவாதிக்கு ஒருத்தரு என்னையக் கட்டிக்க வேண்டாமுங்கப்பா. எலையில வெச்சதை உண்ணுட்டுப் போற மாதிரி என்னைய ஏத்துக்கிட்டாருன்னா, காலம் பூரா எனக்கு எப்பிடித் தெரியும்? அவரா, அவரு வாயால, ஒரு வாட்ச்சையாச்சும் இது வேணும், இது வேண்டாம்னு சொல்லட்டும். அதுக்கப்பறம் பத்திரிகை அடிச்சுக்கலாம். நீங்க போயிச் சொல்லிக்குடுத்துப் போடாதீங்க."

சாட்சிக்கு உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். "நம்ம கல்யாணத்தப்ப நீ இப்படியெல்லாம் கேட்டியா கீதா?" என்றேன். அவள் இலையை எடுத்துக்கொண்டே, "நான் கேக்கலீங்க. கேட்டிருக்கலாம்னு இப்பத் தோணுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள்தான் ஒருநாள் உங்கள் தங்கையிடம் பக்குவமாகக் கேட்டுச் சொல்லவேண்டும்.

எனக்கு வர்ஷினியின் மேல் கோபம் வரவில்லை மச்சான். பயம்தான் வந்தது. அவள் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க இரண்டு நாள் முயற்சி செய்தேன், முடியவில்லை. அதனால் மாப்பிள்ளையைத் தனியாகப் பிடித்து எப்படியாவது ஒரு வாட்ச்சின் பெயரை அவர் வாயிலிருந்து வரவழைப்பது என்று முடிவுசெய்தேன். கிளினிக்கில் சும்மா போய் உட்கார்ந்தால் சந்தேகம் வரும். பல்வலி என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அங்கே அவர் வேறு ஆள்! எனக்கு முன்னால் ஒரு மில் முதலாளி நாற்காலியில் இருந்தார். "பாக்குப் போடறதை நிறுத்தலீன்னா அடுத்த தடவை எங்கிட்ட வராதீங்க" என்று மாப்பிள்ளை அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னார். ஆகா, பேச வருகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் முறை வந்தது. நாற்காலியில் சாய்த்தார், விளக்கைப் போட்டார், நான் வாட்ச் என்று ஆரம்பிப்பதற்குள் வாய்க்குள் இரண்டு கருவியை வைத்துவிட்டார். "அசையாதீங்க மாமா. பேசாதீங்க." சரி, சைகையில் கேட்போம் என்று ஒரு விரலைக் காட்டினேன், அது டைவர். பிறகு இரண்டு விரலைக் காட்டினேன், அது ரேஸர். புருவத்தை உயர்த்தி எது என்று கேட்டேன். அவர், "ஒண்ணு இல்லீங்களா, ரெண்டு பல்லும் வலிக்குதுங்களா?" என்று பரிவாகக் கேட்டுவிட்டு இரண்டு பக்கமும் மரத்துப்போகிற ஊசியைப் போட்டார். வலியில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவ்வளவு அக்கறையாகக் கேட்கிற பிள்ளையிடம் எப்படி இல்லை என்று சொல்வது? தலையை ஆட்டிவிட்டேன். அதில் ஒரு பல் நிஜமாகவே சொத்தை என்று அப்போதுதான் தெரிந்தது. அடைத்துவிட்டார்.

எழுந்து உட்கார்ந்து, இப்போது விடக்கூடாது என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, உங்களுக்கு எதுதான் வேணும், மனசு விட்டுச் சொல்லுங்க" என்று கேட்டேன். கேட்டதாகத்தான் நினைத்தேன். உதடு மரத்திருந்ததால் வெளியே வந்தது வார்த்தை இல்லை, எச்சில். அவர் பஞ்சை எடுத்து என் தாடையைத் துடைத்துவிட்டார். மற்ற நோயாளிகளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தன் காரிலேயே என்னை அன்னூர் வரை கொண்டுவந்து விட்டார். பெல்ட்டைக்கூட அவரே மாட்டிவிட்டார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் என் தாடை அதிராமல் வண்டியை மெதுவாக இறக்கினார்.

அங்கேதான் என் மனசு இளகியது மச்சான். இந்தப் பையனைக் கைவிட எனக்கு மனசில்லை. என் மகள் கேட்பதும் நியாயம், இந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளை, நடுவில் நான் இரண்டு வாட்ச்சை வைத்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வந்து, உதட்டுக்கு உணர்ச்சி வந்ததும், நேற்றுச் சாயங்காலம் ஷோரூமுக்குப் போன் போட்டு, ஷைலாவிடம் இரண்டையுமே எடுத்து வைத்துவிடும்படி சொல்லிவிட்டேன். இரண்டையும் மாப்பிள்ளை கையில் கொடுப்போம். எதைக் கட்டுகிறாரோ அது பிடித்தது, எது பெட்டியில் நின்றுபோய்க் கிடக்கிறதோ அது பிடிக்காதது. வர்ஷினிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? நல்ல யோசனைதான். ஆனால் எழுதும்போதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவர் இரண்டு கையிலும் ஒவ்வொன்றைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கக்கூடிய ஆள்.

ஆகையால் தங்களை நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீங்கள் தாய்மாமன், இந்த வரனைக் கொண்டுவந்தவரும் நீங்களே. கடிதம் கண்டதும் கடையைச் சாத்திவிட்டுப் பல்லடத்துக்குப் போய், மாப்பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, அவரை எப்படியாவது பேசவையுங்கள். டைவர் என்று சொன்னாலும் சரி, ரேஸர் என்று சொன்னாலும் சரி. அந்தப் பிள்ளை தன் வாயால் ஒரே ஒரு தடவை இது வேணும் என்று சொன்னால் போதும், நான் என் மகளைப் பந்தல் வரை தூக்கிக்கொண்டே போவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் கடை மென்மேலும் விருத்தியாகவும், உங்கள் முழங்கால் வலி தீரவும் அன்னூர் மன்னீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும். தங்கை வீட்டின் மேல் எப்போதும்போல் ஒரு கண் வைத்திருக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை. சட்டைக் கையை ஒழுங்காக மடித்துவிடக்கூட இல்லை. சங்கிலியில் எத்தனை கண்ணி எடுக்கவேண்டும், உங்கள் மணிக்கட்டு அளவு என்ன, இரண்டு வாட்ச்சுக்கும் வேண்டும் என்று ஷைலா அவருக்குப் போன் போட்டிருக்கிறது. உள்ளே வந்தவர் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தோம், வாங்கவில்லை.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ரெண்டும் வேண்டாமுங்க."

மச்சான், எனக்குக் காது கேட்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என்னங்க மாப்பிள்ளை சொன்னீங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க. நான் வாட்ச்சே கட்டறதில்லீங்க மாமா. நாள் பூரா கையுறை போடற வேலை, முழங்கை வரைக்கும் கழுவணும். எந்த வாட்ச்சக் கட்டுனாலும் கழட்டி வெக்கத்தான் வேணும், வெச்சே கெடந்தா இதுக நின்னு போயிரும். நீங்க அவ்வளவு ஆசையாப் பாத்தீங்க, அதனால சொல்ல வாய் வரலீங்க. ரெண்டையும் வாங்கறீங்கன்னு கேட்டதும் மனசு பொறுக்கலீங்க."

இத்தனை நாளில் நான் ஒரு தடவையாவது அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் உள்ளேயிருந்து வர்ஷினி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, கோர்ட்டில் கேட்பதுபோலவே கேட்டாள்.

"வாட்ச்சு வேண்டாங்கறத எங்கப்பாவுக்காகச் சொல்லல. சோத்துல உப்புக் கரிக்குதுங்கறத எங்கம்மாவுக்காகச் சொல்லல. என்னையப் புடிச்சிருக்குன்னு யாருக்காகச் சொன்னீங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் தங்கை அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவிழ்ந்து கிடந்த சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்தார். "எங்கூட்ல எல்லாருமே வேண்டாம்னுதாங்க சொன்னாங்க. பொண்ணு வக்கீலு, நெறையப் பேசுது, நமக்கு ஆகாதுன்னாங்க. எங்கூட்ல யாருமே பேசமாட்டோமுங்க, உண்ணறப்பக்கூட. அதனாலதானுங்க எனக்கு நீங்க வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். எங்கப்பாவ எதுத்து நான் பேசுனது அந்த ஒருக்காத்தான். உங்கள மட்டும் நான் யாருக்காகவும் சொல்லலீங்க" என்றார்.

வர்ஷினிக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. என் கண்ணெல்லாம் நனைந்துவிட்டது, அதை மறைக்கவேண்டுமே என்று, "அப்ப அந்த வாட்ச்ச என்ன பண்றதுங்க? வேணும்னா ஒண்ணு நம்ம அம்மணிக்கு எடுத்துப் போடலாமா? எதை எடுக்கறது?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"டைவருங்க" என்றார் மாப்பிள்ளை. நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்! "சங்கிலியில நாலு கண்ணி எடுத்தா அவங்க கைக்கு உக்காந்துக்கும். ரேஸரு வேண்டவே வேண்டாம். தடிமன் ஜாஸ்தி, எழுதறப்ப அந்தப் பொத்தான் மணிக்கட்டுல குத்தும்."

"அதெல்லாம் இல்ல, எனக்கு ரேஸர்தான் வேணும்" என்று வர்ஷினிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "எதிர்க்கட்சி வக்கீல் எவ்வளவு நேரம் இழுக்கறாருன்னு அமுக்கி அமுக்கி அளக்கலாம்."

"இல்லீங்க, டைவர்தான்."

"கட்டிக்கப் போறது நானுங்க."

"இருக்கட்டுமுங்க. டைவர்தான் நல்லாருக்கும்."

இது நடந்து நெடுநேரமாகிறது. இன்னும் ஓயவில்லை. அடுத்த அறையில் இரண்டு பேர் குரலும் மாறி மாறிக் கேட்கிறது, உங்கள் தங்கை இரண்டாவது தடவையாகக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாயை மூடிச் சிரித்துக்கொண்டு வருகிறாள். பத்திரிகையை நான் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஆகவே மச்சான், நீங்கள் பல்லடம் போய் மாப்பிள்ளையைப் பேசவைக்க வேண்டாம். முடிந்தால் இங்கே வந்து நிறுத்துங்கள்.